செவலைக்கு நாள் குறித்தோம்

எங்கள் வீட்டில் தினசரி காலண்டரைக் கிழிப்பது அம்மாவின் வேலை. காலையில் எழுந்ததும் பழைய தாளைக் கிழித்து, அன்றைய ராகு காலம், எமகண்டம், யாருக்குச் சந்திராஷ்டமம் என்பதையெல்லாம் படித்துவிட்டு, கிழித்த தாளைக் கடைச் சாமான் எழுத உதவும் என்று ஒரு கிளிப்பில் செருகி வைப்பார். 2023 செப்டம்பரில் தொடங்கி நவம்பர் 20 வரையிலான தாள்களை மட்டும் நான் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அவற்றின் பின்பக்கம் முழுக்க எங்கள் நாய் செவலையைப் பற்றிய குறிப்புகள். நல்ல நாள் என்றால் ஒரு டிக். கெட்ட நாள் என்றால் ஒரு வட்டம். கீழே இரண்டு மூன்று வரிகள்: எவ்வளவு சாப்பிட்டாள், எத்தனை முறை வாந்தி, வாசல் படியில் தானாக இறங்கினாளா.

அந்த ஆண்டு செவலைக்கு நாங்கள் நாள் குறிக்க வேண்டி வந்தது. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் நாள் பார்த்துப் பழகிய வீட்டில், ஓர் உயிர் போகும் நாளைக் குறிப்பது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. குறித்த நாளை மூன்று நாள் தள்ளியும் வைத்தோம். அந்த மூன்று நாட்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இதே நிலையில் இப்போது இருப்பவர்களுக்கு ஏதாவது ஒரு வரி உதவினாலும் போதும்.

செவலை நாட்டு நாய். 2011 ஐப்பசி மழையில், பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனை ரேஷன் கடைத் திண்ணையில் நனைந்து கிடந்த குட்டியை, அப்போது ஏழு வயதாக இருந்த என் மகன் பள்ளிக்கூடச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தான். செம்மண் நிறம், அதனால் அந்தப் பெயர். தடுப்பூசிக்கும், ஒருமுறை வந்த உண்ணிக் காய்ச்சலுக்கும் தவிர அவள் டாக்டரிடம் போனதே இல்லை.

2023 மே மாதத்தில் அவள் நிறையத் தண்ணீர் குடிக்கத் தொடங்கினாள். திருநெல்வேலி வெயிலில் மனிதர்களுக்கே நாக்கு வறளும்போது நாய்க்குக் கேட்பானேன் என்று விட்டுவிட்டோம். இரவில் இரண்டு மூன்று முறை கதவைப் பிறாண்டி வெளியே போனாள். குடித்த தண்ணீர் போகத்தானே வேண்டும் என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டோம். வயதான நாயோ பூனையோ திடீரென்று அதிகம் தண்ணீர் குடித்து அதிகம் சிறுநீர் கழித்தால், சிறுநீரகம், சர்க்கரை நோய், கருத்தடை செய்யாத பெண் நாயாக இருந்தால் கர்ப்பப்பையில் சீழ் என்று பல காரணங்கள் இருக்கலாம். எனக்கு அப்போது அது தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு மாதம் முன்னதாகவே ரத்தம் எடுத்துப் பார்த்திருப்பேன்.

முதலில் காட்டிய இடத்தில் பரிசோதனை எதுவும் செய்யாமலே ஈரல் டானிக்கும் வைட்டமின் ஊசியும் கொடுத்தார்கள். அதில் மூன்று வாரம் போயிற்று. அடுத்துப் பார்த்த டாக்டர் அவள் உதட்டைத் தூக்கி ஈறைத்தான் முதலில் பார்த்தார். வெளுத்துப் போயிருந்தது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் 4.6 இருந்தது. நாய்களுக்கு ஏறக்குறைய 1.5-க்குள் இருக்க வேண்டிய அளவு அது. சிறுநீரகத்தின் வேலைத்திறனில் முக்கால் பங்கு போன பிறகுதான் இந்த எண் ஏறவே தொடங்கும் என்று அவர் விளக்கினார். போனது திரும்பி வராது, மிச்சம் இருப்பதைக் கொண்டு எத்தனை நாள் நிம்மதியாக ஓட்ட முடியும் என்பதுதான் இனிமேல் கேள்வி என்றார்.

டயாலிசிஸ் பற்றிக் கேட்டேன். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நாய்களுக்கு அந்த வசதி இருக்கிறது. எலிக்காய்ச்சல் போன்றவற்றால் திடீரென்று சிறுநீரகம் செயலிழக்கும் நாய்களுக்கு, அது மீண்டு வரும் வரை தாங்கிப் பிடிக்க டயாலிசிஸ் பெரிய உதவி. பல ஆண்டுகளாகத் தேய்ந்துபோன சிறுநீரகத்துக்கு அதனால் கிடைப்பது குறைவு, பன்னிரண்டு வயது நாயை அறுநூறு கிலோமீட்டருக்கும் மேல் திரும்பத் திரும்பக் கொண்டுபோவது அவளுக்குத் தண்டனையாக முடியும் என்றார் டாக்டர். அவர் அப்படித் தெளிவாகச் சொன்னதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

வீட்டிலேயே சலைன் ஏற்றக் கற்றுக்கொண்டோம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் 250 மி.லி. ரிங்கர் லாக்டேட். பாட்டிலை ஜன்னல் கம்பியில் கட்டி, தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம் போலத் தூக்கிப் பிடித்து, அதன் அடியில் ஊசியைச் செருக வேண்டும். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் வைத்து எடுத்தால் உடம்பு நடுங்காமல் ஏறும். ஏறிய பிறகு முதுகில் ஒரு திமில் போல வீங்கியிருக்கும், சாயங்காலத்துக்குள் வடிந்துவிடும். முதல் நாள் என் கை நடுங்கியது. பத்தாவது நாள் அம்மா அவள் நெற்றியைத் தடவிக்கொண்டே ஊர்க்கதை பேச, அவள் அசையாமல் நின்றாள். ஜூலையில் கிரியேட்டினின் 3.2-க்கு இறங்கியது. ஜூலை, ஆகஸ்ட் முழுக்க அவள் எங்கள் பழைய செவலையாக இருந்தாள். வைத்தியம் பார்த்ததெல்லாம் வீண் என்று பின்னால் ஒருவர் என்னிடம் சொன்னார். அந்த இரண்டு மாதங்களை நான் எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

செப்டம்பரில் வாந்தி தொடங்கியது. வாயில் புண். மூச்சில் அமோனியா வாடை. கிரியேட்டினின் 6.1. ஐந்தைத் தாண்டினால் கடைசி நிலை என்பது மருத்துவர்களின் கணக்கு. “இனி தினமும் ஏதாவது எழுதி வையுங்கள் டீச்சர்” என்றார் டாக்டர். அன்று கிழித்த காலண்டர் தாள்தான் கைக்குக் கிடைத்தது.

அதுவரை நான் கேட்டவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: “நேரம் வந்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். கண்ணைப் பார்த்தாலே தெரியும்.” நானும் அந்தப் பார்வைக்காகக் காத்திருந்தேன். ஒவ்வொரு நாள் காலையிலும் அவள் கண்ணைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்து வாலை ஆட்டினாள். வால் ஆடுகிறதே, அப்படியானால் இன்னும் நேரம் வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன். செவலை கடைசி நாள் காலை வரை வாலை ஆட்டினாள். நிற்க முடியாதபோது படுத்தபடியே, வலிப்பு வந்து ஓய்ந்த பத்தாவது நிமிடத்தில்கூட, என் குரல் கேட்டதும் தரையில் இரண்டு தட்டு தட்டினாள். வால் ஆடுவது என்னைக் கண்டுகொண்டதன் அடையாளம். அவளுக்கு வலிக்கிறதா இல்லையா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. நாய்கள் வலியை மறைக்கும். மூலையில் போய்ப் படுப்பது, ஓய்விலும் வேகமாக மூச்சு வாங்குவது, இரவில் இடம் மாற்றி மாற்றிப் படுப்பது, தொட்டால் தோல் சிலிர்ப்பது, இவைதான் வலியின் பேச்சு. அவற்றை நான் தாமதமாகத்தான் படிக்கக் கற்றேன்.

காலண்டர் தாளில் எழுதுவதற்கு டாக்டர் எனக்கு ஒரு முறை சொல்லிக்கொடுத்தார். அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்தது அது. வலி, பசி, உடலின் நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்று ஏழு தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண், அதிக எண் என்றால் நல்ல நிலை. மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் வாழ்க்கை இன்னும் தாங்கக்கூடியது என்று பொருள். ஆசிரியை என்பதால் மதிப்பெண் போடுவது எனக்குப் பழக்கம்தான், ஆனாலும் என் பிள்ளைக்கு நானே போடும்போது கை தாராளமாகிவிட்டது. அதனால் என் வீட்டுக்காரரையும் தனியாகப் போடச் சொன்னேன். அவருடைய எண் எப்போதும் என்னுடையதைவிட ஐந்தாறு குறைவாக இருந்தது. அவர் சொன்னதுதான் உண்மைக்கு அருகில் இருந்தது.

மதிப்பெண்களைவிட எனக்கு அதிகம் உதவியது வேறொரு பட்டியல். செவலைக்கு உயிரான ஐந்து விஷயங்களை எழுதினேன். விடிகாலையில் பால்காரரின் சைக்கிள் மணிக்கு வாசலுக்கு ஓடுவது. அம்மா தேங்காய் துருவும்போது பக்கத்தில் உட்கார்ந்து சில்லுக்குக் காத்திருப்பது. மதில் மேல் வரும் சாம்பல் பூனையைத் திட்டுவது. மத்தியானம் கிணற்றடிச் சிமெண்டில் படுப்பது. கோயம்புத்தூரிலிருந்து மகன் போனில் பேசினால் போனை நக்குவது. செப்டம்பர் கடைசியில் தேங்காய் போயிற்று. சில்லை வாங்கி, மரியாதைக்கு என்பது போல வாயில் வைத்து, மெதுவாகக் கீழே விட்டாள். அக்டோபரில் பூனை அவள் தலைக்கு மேலேயே நடந்து போயிற்று. பிறகு சைக்கிள் மணி. இப்படி ஒரு பட்டியலை உங்கள் வீட்டு உயிர் ஓரளவு நன்றாக இருக்கும்போதே எழுதி வைத்துவிடுங்கள். நோய் முற்றிய பிறகு எழுதினால், இருப்பதே வழக்கம் என்று கண் பழகிப்போய், எதை இழந்தது என்பதே நினைவுக்கு வராது.

தீபாவளி நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டு தீபாவளிகளிலும் முதல் வெடிக்கே கட்டிலுக்கு அடியில் போய், மறுநாள் மத்தியானம்தான் வெளியே வருவாள். அந்த ஆண்டு பக்கத்து வீட்டில் சரவெடி கொளுத்தினார்கள். அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை. “பரவாயில்லையே, பயம் தெளிந்துவிட்டது” என்றார் பக்கத்து வீட்டு மதினி. நானும் ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். இரவு தாளில் எழுத உட்கார்ந்தபோதுதான் நெஞ்சு அடைத்தது. பயப்படுவதற்குக்கூட அவளிடம் எதுவும் மிச்சமில்லை. அன்று வட்டம் போட்டேன். முந்தைய பத்துத் தாள்களைப் புரட்டினேன். எட்டு வட்டங்கள்.

புதன்கிழமை ரத்தம் எடுத்தார்கள். கிரியேட்டினின் 11.4. நான் டாக்டரிடம் பல வாரங்களாகக் கேட்கத் தயங்கிய கேள்வியைக் கேட்டேன்: “உங்கள் வீட்டு நாயாக இருந்தால் என்ன செய்வீர்கள்?” அவர் உடனே பதில் சொன்னார். “இந்த வாரத்துக்குள் ஊசி போட்டுவிடுவேன்.” இந்தக் கேள்வியை யாராக இருந்தாலும் கேட்டுவிட வேண்டும் என்று நினைக்கிறேன். நாம் மனம் உடைந்துவிடுவோம் என்று பல டாக்டர்கள் தாங்களாகச் சொல்வதில்லை. நாம் கேட்கக் காத்திருக்கிறார்கள், நாம் அவர்கள் சொல்லக் காத்திருக்கிறோம், நடுவில் கிடந்து அவஸ்தைப்படுவது அந்த வாயில்லா ஜீவன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார்.

அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. “போட்டவன் எடுத்துக்கொள்ளட்டும். நீ யார் எடுக்க?” தமிழில் இதற்கு இருக்கும் சொல்லும் உதவவில்லை. கருணைக்கொலை. எவ்வளவு கருணையை முன்னால் வைத்தாலும் பின்னால் கொலை நிற்கிறது. அம்மாவின் காதில் அந்தக் கடைசி இரண்டு எழுத்துதான் விழுந்தது. பிறகு நான் அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். செவலையின் வாய்ப்புண்ணைக் காட்டினேன். அம்மாவின் அப்பா கதர்க்கடையில் வேலை பார்த்தவர். அதனால் காந்தியின் கன்றுக்குட்டியைப் பற்றியும் சொன்னேன். 1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று பிழைக்க வழியில்லாமல், புரண்டு படுக்கவும் முடியாமல் துடித்தது. காந்தி ஒரு டாக்டரை வரவழைத்து, விஷ ஊசி போட்டு அதன் துன்பத்தை முடித்து வைத்தார். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தது. அகிம்சை பேசுகிறவர் பசுவின் கன்றைக் கொல்லலாமா என்று கோபக் கடிதங்கள் குவிந்தன. அது ஹிம்சை ஆகாது என்று தன் பத்திரிகையில் அவர் பகிரங்கமாக எழுதினார்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “ஊசி போடும்போது காந்தி பக்கத்தில் இருந்தாரா?”

“இருந்தார் அம்மா. அவர் கண் முன்னால்தான் போட்டார்கள்.”

“அப்படியானால் நானும் இருப்பேன்” என்றார். அடுத்த மூச்சிலேயே, “ஆனால் சஷ்டி முடியட்டும்” என்றார்.

அந்த வாரம் கந்த சஷ்டி. தீபாவளிக்கு மறுநாளிலிருந்து அம்மா விரதம். வெள்ளி ஐந்தாம் நாள். சனிக்கிழமை சூரசம்காரம், அதோடு சனிப்பிணம் தனியாகப் போகாது என்ற பயமும் சேர்ந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமை டாக்டர் ஊரில் இல்லை. ஆக, திங்கள். நவம்பர் 20.

இதை அம்மாவின் மேல் போடுவது எனக்கு எளிது. அது உண்மையாக இருக்காது. எழுபத்தாறு வயதில் விரதமிருக்கும் ஒருவர் கேட்டதைக் கேட்டார். நான் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருந்தால் அவர் விட்டுக்கொடுத்திருப்பார், எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அம்மா “சஷ்டி முடியட்டும்” என்றபோது என் உடம்பு முழுவதும் ஒரு நிம்மதி பரவியது. இன்னும் மூன்று நாள் அவள் இருப்பாள் என்ற நிம்மதி. யாருக்காக அந்த நாட்கள் என்று நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

மகன் வியாழன் இரவு பஸ் ஏறி வெள்ளி காலையில் வந்துவிட்டான். அவன் குரலைக் கேட்டதும் செவலை எழுந்து நின்றாள். தள்ளாடியபடி வாசல் வரை போனாள். அவன் கையிலிருந்து இரண்டு வாய் தயிர்சோறு சாப்பிட்டாள். வீடே மலர்ந்தது. “பார்த்தாயா, தள்ளி வைத்தது நல்லதாயிற்று” என்று என் வீட்டுக்காரரே சொன்னார். கடைசி நாட்களில் இப்படி ஒரு எழுச்சி வரும், அதை நம்பி முடிவை மாற்றாதீர்கள் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். அந்த எச்சரிக்கை தாளில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. அன்று அதைப் புரட்டிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அன்றைய தாளில் டிக் போட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் டிவியில் திருச்செந்தூர் சூரசம்காரம் பார்த்து அம்மா விரதம் முடித்தார். இரவு பதினொரு மணிக்குச் செவலைக்கு முதல் வலிப்பு வந்தது. ரத்தத்தில் கழிவு ஏறி மூளையைத் தாக்கும்போது வருவது. உடல் விறைத்து, கால்கள் காற்றில் ஓட, வாயில் நுரை. இரண்டு மணிக்கு இன்னொன்று, நான்கு மணிக்கு மூன்றாவது. எங்கள் டாக்டர் மதுரையில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். போனில் சொன்னார்: வாய்க்குள் கையை விடாதீர்கள், தலைக்கடியில் துணி வையுங்கள், விளக்கை அணையுங்கள், எத்தனை நிமிடம் என்று பாருங்கள். வேறு இரண்டு இடங்களுக்கு அழைத்தோம், யாரும் எடுக்கவில்லை. விடிந்த பிறகு ஒரு கால்நடை மருத்துவர் வந்து வலிப்பை அடக்கும் ஊசி போட்டார். முடித்துவைக்கச் சொல்லிக் கேட்டேன். தான் இதுவரை பார்க்காத நாய்க்கு அதைச் செய்ய முடியாது என்றார். அவரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. இரவில் வரக்கூடிய இரண்டாவது டாக்டர் யார் என்று விசாரித்து, அவளுடைய ரிப்போர்ட்டுகளை முன்கூட்டியே அவரிடம் காட்டி வைத்திருக்க வேண்டியது நான்தான்.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அதிகம் எழுதவில்லை. அவள் எப்போதும் சுத்தக்காரி. மழையானாலும் வெளியே போய்த்தான் இருப்பாள். அன்று தன்னை மீறி நனைத்துக்கொண்ட துணியிலிருந்து நகர முயன்று, முடியாமல், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அம்மா வெந்நீரில் துணி நனைத்து அவளைத் துடைத்துக்கொண்டே அழுதார். “வெள்ளிக்கிழமையே விட்டிருக்கலாமே” என்று ஒருமுறை சொன்னார், அதற்குப் பிறகு சொல்லவில்லை. திங்கட்கிழமை மகனுக்குச் செமஸ்டர் தேர்வு. ஞாயிறு இரவு அவன் பஸ் ஏற வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமைக்காக வந்தவன், அந்த நேரத்தில் அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தவன், முன்னாலேயே போய்விட்டான். அவளைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தது அவன்.

திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம். டாக்டர் ஒன்பதே காலுக்கு வந்தார். கிணற்றடிச் சிமெண்டில் பழைய போர்வை விரித்து, அதன்மேல் ஒரு ரப்பர் ஷீட்டும் இன்னொரு துணியும் போட்டிருந்தோம். என்னென்ன நடக்கும் என்று அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவற்றை இங்கே எழுதுகிறேன், முன்பே தெரிந்தால் அந்த நேரத்தில் பயம் குறையும். முதலில் மயக்க ஊசி, ஐந்து பத்து நிமிடத்தில் ஆழ்ந்து தூங்கிவிடும். பிறகு முன்காலில் போட்ட குழாய் வழியாக அளவு மிகுந்த மயக்க மருந்து. ஒன்றிரண்டு நிமிடத்தில் மூச்சும் இதயமும் நிற்கும். கண் மூடாது, திறந்தே இருக்கும். சிறுநீர் வெளியேறலாம். எல்லாம் முடிந்த பிறகும் ஒரு பெரிய மூச்சு இழுப்பதுபோல உடல் அசையலாம். அது உயிர் அல்ல, தசையின் அசைவு. அதைச் சொல்லாமல் விட்டால் வீட்டார் அலறிவிடுவார்கள் என்றார். சம்மதக் கடிதத்தில் கையெழுத்தும் பணமும் முதலிலேயே முடித்துவிட்டோம். கடைசியில் பணம் எண்ணிக் கொடுக்கும் நிலை எனக்கு வேண்டாம் என்று நான்தான் கேட்டிருந்தேன்.

நரம்பு கிடைக்கவில்லை. மூன்று நாள் எதுவும் உள்ளே போகாமல் உடல் வற்றி, ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. இடது முன்காலில் இரண்டு முறை குத்திப் பார்த்து, பிறகு வலதுகாலில் கிடைத்தது. வெள்ளிக்கிழமை இது ஒரே குத்தில் முடிந்திருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை. நான் கேட்டேன். ஆமாம் என்றார்.

அம்மா தரையில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். ஒரு கரண்டியில் பால் கொண்டுவரச் சொல்லி, உதட்டில் இரண்டு சொட்டு விட்டார். அப்பா போகும்போது விட்டதுபோல. நான் மகனுடைய பழைய பள்ளிச் சட்டை ஒன்றை அவள் மூக்கருகே வைத்தேன். வால் ஒருமுறை தட்டியது. பிறகு தூக்கம். பிறகு டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுத் தலையை அசைத்தார். பத்து மாதக் குழந்தை தூங்கிப்போவதைவிட அமைதியாக இருந்தது. இவ்வளவுதானா, இதற்கா அந்த மூன்று நாள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

குழியை முந்தைய நாளே வெட்டி வைத்திருந்தோம். கிணற்றிலிருந்து தள்ளி, புறவாசல் மூலையில், நான்கடி ஆழம். ஊசி போட்டு இறந்த உடலில் மருந்து தங்கியிருக்கும், ஆழமில்லாமல் புதைத்து வேறு நாய்கள் தோண்டித் தின்றால் அவற்றின் உயிருக்கும் ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பிளாஸ்டிக் பையில் சுற்றக் கூடாது, பருத்தித் துணி போதும். பிளாட்டில் குடியிருப்பவர்கள் இந்த ஏற்பாட்டை டாக்டரிடமும் மாநகராட்சியிலும் முன்னாலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் போனில் யாரிடமும் விசாரிக்க நமக்குத் தெம்பு இருக்காது. குழி மேல் அம்மா தன்னுடைய துவைக்கிற கல்லை நகர்த்திப் போடச் சொன்னார்.

பள்ளிக்கு இரண்டு நாள் லீவு போட்டேன். காரணம் காய்ச்சல் என்று எழுதினேன். நாய் இறந்துவிட்டது என்று எழுதியிருக்கலாம், எழுதத் துணிவு வரவில்லை. “நாய்தானே, இன்னொன்று வளர்த்தால் போகிறது” என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். பிறகு ஸ்டாஃப் ரூமில் உண்மையைச் சொன்னபோது, கணக்கு ஆசிரியர், ஐம்பது வயதைத் தாண்டியவர், தன் பூனையைப் பற்றிச் சொல்லி அழுதார். பதினைந்து ஆண்டுகளாகப் பக்கத்து நாற்காலியில் இருப்பவர். அவருக்கு ஒரு பூனை இருந்ததே எனக்குத் தெரியாது.

மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். “நான் வெள்ளிக்கிழமையே அவளிடம் சொல்லிவிட்டேன் அம்மா” என்றான். என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை.

சரியாக ஒரு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் அந்தப் பெருமழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது, தாமிரபரணி கரை மீறி ஓடியது. எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. மின்சாரம் இல்லாத அந்த இரண்டு இரவுகளிலும் அம்மா பின்கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

வடிந்த அன்று காலை, சேற்றில் முதலில் காலை வைத்தவர் அம்மாதான். துவைக்கிற கல் போட்ட இடத்திலேயே இருந்தது. சுற்றிலும் மண் மட்டும் ஒரு சாண் இறங்கியிருந்தது. அரையாண்டு விடுமுறைக்கு வந்திருந்த மகனைக் கூப்பிட்டு, “மேட்டுத் தெருவில் செம்மண் கிடக்கிறது, நாலு சட்டி அள்ளிக்கொண்டு வா” என்றார். அவன் கொண்டுவந்து கொட்டக் கொட்ட, அம்மா குனிந்து உட்கார்ந்து கல்லைச் சுற்றிக் கையாலேயே தட்டித் தட்டிச் சமப்படுத்தினார்.